நாலாம் மாசக் கொழுக்கட்டை

உள்ள வாம்மா. செருப்ப அங்கனயே விடு, யாரும் தூக்க மாட்டாக. பிள்ளைய இங்கிட்டுக் குடு. குடும்மா, கை கழுவிட்டுத்தான் இருக்கேன். ம், கனமாத்தான் இருக்கான். எத்தன மாசம்? மூணு முடிஞ்சு ஒரு வாரமா? கழுத்து நல்லா நின்னுருச்சே. பேரு என்ன? கவினேஷா. பரவால்ல, வாயில நுழையுது.

சத்தம் போட்டுச் சிரிக்கிறானா? இன்னும் இல்லையா? ஒதட்ட மட்டும் விரிக்கிறானா? வரும் வரும். இன்னிக்கோ நாளைக்கோ வந்துரும். அதுக்கெல்லாம் மூஞ்சியத் தொங்கப் போடாத.

மளிகைக் கடைக்காரரு அனுப்புனாருன்னு சொன்னேல்ல, அவரு வேற என்ன சொன்னாரு? சொல்லும்மா, நான் கோவிச்சுக்க மாட்டேன். பஞ்சவர்ணம் பிள்ளைய நல்லாப் பாப்பா, ஆனா அங்க ஒரு தகராறு ஆகிப்போச்சுன்னு சொல்லிருப்பாரு. நெனச்சேன். அந்தாளுக்குப் பருப்பு நிறுக்கையில பாதிக் கதை சொல்லணும், பொட்டலம் கட்டையில மீதிக் கதை சொல்லணும். அவரு சொன்னத மனசுல வச்சுக்கிட்டு நீ பிள்ளைய விட்டுட்டுப் போக வேணாம். எங்கிட்ட முழுசாக் கேளு. கேட்டுட்டு உன் இஷ்டம்.

இதே காம்பவுண்டுதான். குழாய்க்கு அங்கிட்டு மூணாவது வீடு. பாண்டிச்செல்வின்னு ஒருத்தி, ஆண்டிபட்டிப் பக்கம். எனக்கு உசிலம்பட்டி. திருப்பூருக்கு வந்து நம்ம பக்கத்துப் பேச்சுக் கேட்டா விட்ருவோமா? தங்கச்சி மாதிரி வச்சுருந்தேன். பனியன் கம்பெனியில ஓவர்லாக் மிசின்ல தைக்கிறா. அவ புருசன் மாரிச்சாமி லோடு ஆட்டோ ஓட்டுறவன், எப்ப வருவான் எப்பப் போவான்னு அவனுக்கே தெரியாது. பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்குப் போனா. அங்க அவ அப்பா கை கால் விழுந்து கெடையில கெடக்காரு, அவுகளால இவளையும் சேத்துப் பாக்க முடியல. எழுபத்தஞ்சாம் நாள் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்துட்டா. எண்பதாம் நாள் கம்பெனிக்குக் கெளம்பிட்டா. இந்தா, நீ நிக்கிற எடத்துலதான் வந்து நின்னா. அக்கா, ஒங்களவிட்டா எனக்கு யாரு இருக்கான்னு அழுதா. நான் பிள்ளைய வாங்கிக்கிட்டேன்.

தக்ஷிதான்னு பேரு. என் நாக்குல அது ஏறவே இல்ல. நான் தச்சுன்னு கூப்பிடுவேன். தச்சுன்னா திரும்பிப் பாக்கும், தக்ஷிதான்னா பாக்காது. இதக்கூட அவகிட்டச் சொன்னதில்ல. சொன்னா மனசு கஷ்டப்படுவாளேன்னுதான்.

ஏன் சொல்லலன்னு கேக்குற பாரு. எல்லாரும் அதத்தான் கேட்டாக. எட்டு வீட்டுச் சனமும் வாசல்ல நின்னு அதத்தான் கேட்டுச்சு. எங்கதைய ஒருத்தரும் கேக்கல.

நானும் கம்பெனிக்காரிதாம்மா. செக்கிங்ல பதினெட்டு வருசம் நின்னேன். மொழங்கால் ரெண்டும் போனப்புறந்தான் வீட்டுல உக்காந்தேன். எனக்கு ஒரே பையன், அழகுராசா. மூணு மாசத்துல அவன உசிலம்பட்டியில எங்கண்ணன் வீட்டுல விட்டுட்டு வந்தேன். அப்பக் கையில போன் ஏது? இந்த வீட்டு ஓனரு வீட்டுல ஒரு போன் இருக்கும். ஞாயித்துக்கெழம எங்கண்ணன் கூப்பிடுவாரு. நான் போயி நிப்பேன். பஞ்சு, பய குப்புற விழுந்துட்டான். பஞ்சு, பய ஒக்காந்துட்டான். பஞ்சு, பல்லு மொளச்சுருச்சு. நான் ரிசீவரப் பிடிச்சுக்கிட்டு ஆமாண்ணே, சரிண்ணேம்பேன். ஓனரு வீட்டம்மா ஏனுங்க பஞ்சு, நல்ல சேதிங்களான்னு கேக்கும். நல்ல சேதிங்கம்மாம்பேன். இங்க வந்து கதவச் சாத்திக்கிட்டு அழுவேன்.

எல்லாத்தையும் சொன்னாகம்மா. ஒண்ணுவிடாமச் சொன்னாக. ஒண்ணையும் நான் பாக்கல. நடக்க ஆரம்பிச்சுட்டான்னு கேட்டு அடிச்சுப் பிடிச்சு லீவு போட்டு ஓடுனேன். என்னப் பாத்ததும் எங்கண்ணி சீலைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டான். எங்கண்ணி சிரிச்சுக்கிட்டே சொன்னா, பிள்ளையப் பாக்கணும்னா வீட்டுல இருந்துல்ல பாக்கணும்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. இருவத்தஞ்சு வருசமாச்சு. இன்னும் சோத்துல கைய வைக்கையில ஞாபகம் வந்தா எறங்க மாட்டேங்குது.

அவன் இப்ப பெங்களூருல இருக்கான். நல்ல வேலதான். போன் போட்டு சாப்பிட்டியான்னு கேட்டா ம்ங்குறான். ஒடம்பு நல்லாருக்கான்னா அதுக்கும் ம். சரி வச்சுரவான்னு கேட்டா மட்டும் சரிம்மாங்குறான்.

அதுனாலதான் முடிவு பண்ணேன். இந்தப் பாண்டிச்செல்வி எதையும் காதால கேக்கக் கூடாது, கண்ணால பாக்கட்டும்னு. இது தப்பா? நீயே சொல்லு.

மொதல்ல சிரிச்சது. நான் பாயச் சுருட்டிக்கிட்டே எந்திரிச்சேன், முட்டு கதவுல இடிச்சுருச்சு, ஆத்தாடின்னேன். அதுக்குச் சிரிச்சுச்சு பாரு ஒரு சிரிப்பு, கெக்கெக்கேன்னு. நான் திரும்ப ஆத்தாடின்னேன். திரும்பச் சிரிச்சுச்சு. வாசலுக்கு ஓடிட்டேன் யார்கிட்டயாச்சும் சொல்ல. அப்புறந்தான் நின்னேன். பெத்தவளுக்கு முன்னால ஊருக்குச் சொல்றதாவதுன்னு உள்ள வந்துட்டேன்.

அவ எட்டரைக்கு வந்தா. புருவத்துல எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும் அவளுக்கு. தூக்குவாளியக் கீழ வைக்காமலே கேப்பா, அக்கா, இன்னிக்கு என்ன பண்ணான்னு. பால் குடிச்சா, தூங்குனா, வேறென்னன்னு சொல்லிட்டேன். அந்த ஞாயித்துக்கெழம காலையில தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு ஓடியாறா. அக்கா, சிரிச்சுட்டாக்கா, சத்தம் போட்டுச் சிரிச்சுட்டாக்கா, நான் கரண்டியக் கீழ போட்டேன், அதுக்குச் சிரிச்சாக்கான்னு. நான் அப்பிடியான்னேன். எனக்குத் தெரியாத மாதிரியே அப்பிடியான்னேன். அன்னிக்கு அவ மூஞ்சி இருந்துச்சே, அத நீ பாத்துருந்தா இன்னிக்கு இந்த முழி முழிக்க மாட்ட. அந்தச் சந்தோசத்த அவளுக்கு யாரு குடுத்தா? நான்தான் குடுத்தேன். வாயப் பூட்டிக்கிட்டுக் குடுத்தேன்.

அந்தக் காலண்டர எதுக்குப் பாக்குற? போன வருசக் காலண்டருதான். கெடக்கு. அந்தப் பேனாப் புள்ளியெல்லாம் நான் வச்சதுதான். சும்மா, ஞாபகத்துக்கு. சிரிச்சது அது. தலைய நிமித்தி ஒரு நிமிசம் என்னப் பாத்தது அது. காலப் பிடிச்சு வாயில வச்சது அது. பெரிய புள்ளி தெரியுதா, அது குப்புற விழுந்த அன்னிக்கு. ஐப்பசி எட்டு. நாலாம் மாசம்.

மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். பாயில போட்டுட்டு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். ஒருக்களிச்சுப் படுத்து மொனகிச்சு. கையி அடியில மாட்டிக்கிச்சு. நான் எடுத்து விடல. எடுத்து விடக் கூடாது, அதுவா எடுக்கணும். மொகம் செவந்து போச்சு. ஒரு உந்து. பொத்துன்னு விழுந்து, தலையத் தூக்கி என்னப் பாத்துச்சும்மா. நான் வந்துட்டேன் பாருன்னு சொல்ற மாதிரி. எனக்கு வெங்காயக் கையோட அழுக வந்துருச்சு.

எங்க பக்கத்துல பிள்ள குப்புற விழுந்தா கொழுக்கட்டை செஞ்சு அக்கம் பக்கம் குடுக்கணும். ஒங்க பக்கமும் உண்டா? அன்னிக்கே செய்யணும். செய்யலன்னா பிள்ளைக்கு நல்லதில்லம்பாக. என் பிள்ளைக்கு எங்கண்ணி செஞ்சா, நான் ஒண்ணுகூடத் திங்கல. இந்தப் பிள்ளைக்குச் செய்யாம விட்ருவேனா? பச்சரிசி மாவு இருந்துச்சு, வெல்லம் இருந்துச்சு, தேங்கா ஒரு மூடி வாங்கினேன். பிடிச்சு வேக வச்சு எடுத்துட்டேன். ஆனா யாருக்குக் குடுக்குறது? குடுத்தா என்ன விசேசம்னு கேப்பாக. தெருவுல குடுத்தா அவ காதுக்குப் போயிரும். எங்க வீட்டுக்காரருக்கு நாலு வச்சேன். நான் ரெண்டு தின்னேன். பெத்தவ வாயில படலன்னா அது கொழுக்கட்டையா? அதுனால அவ வந்ததும் ஒரு தட்டுல நாலு வச்சுக் குடுத்தேன்.

பாவம், பசியோட வந்துருப்பா போல. நின்னுக்கிட்டே தின்னா. நல்லாருக்குக்கா, இன்னிக்கு என்ன விசேசம்னா. சதுர்த்தின்னு சொல்லிட்டேன். பிள்ளையாருக்கு வச்சேன்னேன். ஒண்ண மட்டும் பேப்பர்ல சுத்தி அவ புருசனுக்கு எடுத்துக்கிட்டா.

அவ்வளவுதாம்மா நான் செஞ்ச குத்தம்.

வர்ற ஞாயித்துக்கெழம அவளே பாப்பா, ஓடியாருவா, அப்பிடியான்னு கேப்போம்னு இருந்தேன். அந்த ஞாயிறு பாத்துக் கம்பெனியில ஷிப்மெண்ட்டு, சரக்கு அனுப்பணும்னு லீவு இல்ல. போயிட்டா. அடுத்த ஞாயிறும் ஷிப்மெண்ட்டு. அதுக்கடுத்த ஞாயிறும் போயிட்டா. நாலாவது ஞாயிறு ஆண்டிபட்டியில ஒரு சாவு, கேதத்துக்குப் போக வர பஸ்ஸுலயே பிள்ளைய மடியில வச்சுருந்தா. அஞ்சாவது வாரம் ஞாயிறு முழுக்கத் துணி தொவைச்சா, பிள்ள தூளியிலயே கெடந்துச்சு. தூளியில கெடக்குற பிள்ள எப்பிடித் திரும்பும்? தரையில விடும்மான்னு நானே ரெண்டு தடவ சொன்னேன். எறும்பு கடிக்கும்கா, தரை சில்லுனு இருக்குக்கான்னா. சாயங்காலத்துலயாச்சும் பாக்கலாம்ல, பாக்க மாட்டா. ஏன்னா அவ வர்றப்பப் பிள்ள தூங்கிருக்கும். நான்தான் ஏழரைக்கே தட்டித் தூங்க வச்சுருவேன். பாவம், களைச்சு வர்றாளே, முழிச்சுக்கிட்டு அழுது உசுர வாங்கக் கூடாதேன்னு. இதையெல்லாம் யாரு நெனச்சுப் பாத்தாக?

பாலு கலக்கவா இவனுக்கு? வேணாமா? சரி, விரலச் சப்பட்டும்.

அவகூட ஓவர்லாக் அடிக்கிற ஒருத்திக்கு அதே வாரத்துல பெறந்த பிள்ள. அது திரும்பிருச்சுன்னு சாப்பாட்டு நேரத்துல கொழுக்கட்டை குடுத்துருக்கா. அதத் தின்னுட்டு வந்து எங்கிட்ட அழுகுறா. அக்கா, அந்தப் பிள்ள திரும்பிருச்சு, நம்ம பிள்ள ஏன்க்கா திரும்பல, ஒருவாட்டிகூட திரும்பலையான்னு. எல்லாம் வரும், ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரின்னு சொன்னேன். அதுல என்ன பொய் இருக்கு? ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரிதான்.

அன்னிக்காச்சும் சொல்லிருக்கலாம்லங்குற. ஒம் மூஞ்சியே சொல்லுது. எப்பிடிம்மா சொல்றது? மறுநாள்னா சொல்லிரலாம். இருவது நாள் கழிச்சு, அடியே, ஒம்பிள்ள இருவது நாளா உருளுதுன்னு சொன்னா அவளுக்கு எப்பிடி இருக்கும்? என்னைய மாதிரி கேட்டுக்கிட்டு நிக்கணும்ல. இன்னிக்குப் பாத்துருவா, நாளைக்குப் பாத்துருவான்னு நான் தெனமும் சாமி கும்புட்டேன். சத்தியமாக் கும்புட்டேன்.

அதுக்குள்ள அவ மாமியாக்காரி போன்ல ஆரம்பிச்சுட்டா. வயித்துல இருக்கையில மிசின்ல உக்காந்து ஆட்டுன ஆட்டத்துல பிள்ளைக்கு முதுகெலும்பே பலமில்லாமப் போச்சுன்னு. மாரிச்சாமியும் தாயோட சேந்துக்கிட்டுப் பேசிருக்கான். இவ சோறு திங்காம, தூங்காம, மாரியாத்தாளுக்கு உப்பும் மொளகும் நேந்துக்கிட்டு, பாலு வத்திப் போயி, கன்னம் ஒட்டிப் போச்சு. எல்லாம் சரிதான். அது அவ மாமியா பேசுன பேச்சு. அதுக்கு நானா பொறுப்பு?

அஞ்சு மாசம் முடிஞ்சதும் ஒரு நாள் லீவு போட்டுட்டுப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொல்லிருந்தா போக விட்ருப்பேனா? அன்னிக்காவது சொல்லிருப்பேன்.

அங்க டாக்டரம்மா பிள்ளைய மேசையில மல்லாக்கப் போட்டாகளாம். இவ முதுகெலும்பு, மாமியா, மிசின்னு எல்லாத்தையும் சொல்லி அழுதுக்கிட்டே இருந்துருக்கா. அவுக கேட்டுக்கிட்டே ஸ்டெதாஸ்கோப்ப எடுக்குறதுக்குள்ள பிள்ள டக்குன்னு திரும்பி, கைய ஊனி, அதப் பிடிச்சு இழுத்துச்சாம். டாக்டரம்மா சிரிச்சுட்டாகளாம். யாரும்மா சொன்னா திரும்பலன்னு, இது இன்னிக்கு நேத்துத் திரும்புற பிள்ள இல்ல, ஒரு மாசத்துக்கு மேல பழகுன பிள்ள, வீட்டுல யாரு பாத்துக்குறான்னு கேட்டாகளாம்.

அங்கருந்து நேரா இங்கதான் வந்தா. நான் அரிசி பொடச்சுக்கிட்டு இருந்தேன். சண்டைக்கு வந்தவ மாதிரியே இல்ல. மெதுவாத்தான் கேட்டா.

"எப்பக்கா திரும்புனா?"

இன்னிக்குத்தான் திரும்பிருப்பா போலன்னேன். அவ என்னையே பாத்தா. அப்புறம் சுவத்தப் பாத்தா. நீ பாத்த மாதிரியேதான் பாத்தா. கிட்டப் போயி அந்தப் பெரிய புள்ளி மேல வெரல வச்சா.

"அன்னிக்குச் சதுர்த்தி இல்லையேக்கா. இந்தக் காலண்டர்லயே போடலையே."

நான் மொறத்தக் கீழ வச்சேன்.

"அப்ப அது எம்பிள்ளைக்குச் செஞ்ச கொழுக்கட்டையாக்கா? நான் நின்னுக்கிட்டே தின்னேனே. என்ன விசேசம்னு கேட்டேனேக்கா."

அத அவ கத்திக் கேட்டுருக்கலாம். கத்திருந்தா நானும் கத்திருப்பேன், அதோட போயிருக்கும். அவ கத்தல. கேட்டுட்டு அப்பிடியே நின்னா. எனக்கு எங்கருந்து வந்துச்சோ அம்புட்டுக் கோவம். ஒம்பிள்ள பீ மூத்திரம் அள்ளுனவ நான். ஒரு நாள் சளி பிடிக்க விட்ருப்பேனா, ஒரு எறும்பு கடிக்க விட்ருப்பேனா? என்னையக் கேள்வி கேக்குறியான்னு வந்துச்சு. பிள்ளையப் பாக்கணும்னா வீட்டுல இருந்துல்ல பாக்கணும்னு சொல்லிட்டேன்.

ஆமா. அதே வார்த்தைதான். எங்கண்ணி சொன்னாளே, அதே. ஒரு எழுத்து மாறல. எப்பிடி என் வாயில வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. இருவத்தஞ்சு வருசமா அத உள்ள வச்சுருந்தா அது எங்கிட்டாவது வெளிய வரத்தான செய்யும்?

அவ கொடியில கெடந்த துண்டு, பால் பாட்டிலு, பவுடரு, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்துக் கூடையில போட்டா. பிள்ள அவ தோள் வழியா என்னப் பாத்துக்கிட்டே போச்சு. ராத்திரி அந்த மாரிச்சாமி வந்து வாசல்ல நின்னு ஆடுன ஆட்டம் இருக்கே. எட்டு வீடும் வெளிய வந்துருச்சு. பிள்ள பெறாதவ செஞ்சாக்கூட மன்னிச்சுரலாம், ஒரு பிள்ளையப் பெத்தவதான நீன்னு கேட்டான். பெத்தேன்டா. பெத்துட்டு ரிசீவரப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்டா. ஒனக்கென்ன தெரியும்? ஒனக்கு ஒம்பிள்ள திரும்பலன்னே ஒம் பொண்டாட்டி சொல்லித்தான தெரியும்னு கேட்ருக்கணும். எங்க வீட்டுக்காரரு கைய எடுத்துக் கும்பிட்டு உள்ள இழுத்துட்டு வந்துட்டாரு. இந்த மனுசன் வாயத் தொறந்து எனக்காக ஒரு வார்த்தை பேசிருப்பாரா? படுக்கையில கேக்குறாரு, ஏன் பஞ்சு, எனக்கும் சதுர்த்தின்னுதான சொன்னன்னு.

இப்ப அவ பிள்ளையக் கம்பெனியிலயே வச்ச காப்பகத்துல விடுறா. இருவது பிள்ளைகளாம். வரிசையாப் படுக்கப் போட்டுருப்பாகளாம். பிள்ள என்ன பண்ணாலும் படம் பிடிச்சு எல்லாப் பெத்தவுக போனுக்கும் அனுப்பிருவாகளாம். தச்சு ஒக்காந்தத டீக் குடிக்கிற நேரத்துல போன்லதான் பாத்தாளாம். பாத்து அழுதாளாம். அதுக்கும் எங்கண்ணன் போன் போட்டதுக்கும் என்ன வித்தியாசம்? படம் தெரியுது, அவ்வளவுதான. ஒக்காந்துட்டு நிமிந்து யாரப் பாத்துச்சோ அந்தப் பிள்ள? அந்தப் படம் பிடிச்சவளத்தான பாத்துருக்கும்? இத யாரும் அவகிட்டச் சொல்லல. நான் சொன்னா மட்டும் குத்தம்.

ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. அவ பிள்ளைய எடுத்துட்டுப் போறதுக்கு நாலு நாளைக்கு முன்னால, தச்சு என்னப் பாத்து ம்மான்னுச்சு. அந்த வயசுல அது சும்மா சத்தந்தான், அர்த்தமெல்லாம் கெடையாதும்பாக. சரி, அர்த்தமில்லாமயே இருக்கட்டும். நான் குளிச்சுட்டு ஈரத்தலையோட உள்ள வர்றேன், ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டு ம்மா, ம்மாங்குது. காலண்டர்ல தேடாத, அதுக்குப் புள்ளி வைக்கல. அன்னிக்கு அவ அப்பிடி நிக்கையில அதச் சொல்லிருந்தா ஒடஞ்சு போயிருப்பா. சொன்னேனா? சொல்லலையே. அம்புட்டுக் கோவத்துலயும் சொல்லலையே. எனக்கு எரக்கம் இல்லையா?

போன வாரம் கடையில பாத்தேன். அவ சீனி வாங்க நிக்கிறா, பிள்ள தோள்ல. ஒம்போது மாசம் ஆச்சு இப்ப. ரெண்டு பல்லு. மூஞ்சியே மாறிப் போச்சு. அவ என்னப் பாத்துட்டுத் திரும்பிக்கிட்டா. அவ திரும்புனதுல பிள்ள மூஞ்சி என் பக்கம் வந்துருச்சு. நான் தச்சுன்னேன். ரொம்ப மெதுவாத்தான் கூப்பிட்டேன். பாத்துச்சு. ஒதடு பிதுங்குச்சு. வீல்னு அழுதுச்சு பாரு, அவ கழுத்தக் கட்டிக்கிட்டு, மொகத்தத் தோள்ல பொதச்சுக்கிட்டு.

ஒம்போதாம் மாசத்துல பிள்ளைகளுக்கு வேத்து ஆளு தெரிய ஆரம்பிச்சுரும். புது மூஞ்சியப் பாத்தா அழும். அந்தக் கடைக்காரரு அப்பிடித்தான் சொன்னாரு, என்ன பஞ்சக்கா, ஒங்களையே மறந்துருச்சுன்னு. அந்தாளுக்கு என்ன தெரியும்? அது வெயிலும்மா. நான் கெழக்க நின்னேன், அதுக்கு நேரா வெயிலு. கண்ணு கூசி அழுதுச்சு. என்னைய அதுக்குத் தெரியாதா?

சரி விடு. என் கோவம் எனக்கு. நீ பயப்படாத. அதுல ஒண்ணு கத்துக்கிட்டேன். இனிமே மறைக்கிற சோலியே இல்ல. இவன் தும்முனாக்கூடப் போன் போட்டுச் சொல்லிருவேன். திரும்புனாலும் சரி, சிரிச்சாலும் சரி, அந்த நிமிசமே ஒனக்குத் தெரியும். நீ கேட்டுட்டு அழுதா அழு, அது ஒம்பாடு. சாமி சத்தியம். இந்தா, பிள்ள தலையில கைய வச்சே சொல்றேன்.

ஒன் போன்தான் அடிக்குது. சூப்பர்வைசரா? போயிப் பேசிட்டு வா. உள்ள சிக்னல் கெடைக்காது, குழாய்கிட்டப் போ. அவனத் தூக்காத, இருக்கட்டும். எங்கிட்ட இருக்கான்ல.

என்னடா அப்பிடிப் பாக்குற? ஒங்கம்மா போயிட்டா. அந்தா, குழாய்கிட்ட நிக்கிறா பாரு. நான் யாருன்னு தெரியுதா? தெரியாதா? மொறைக்காதடா. இந்தக் கால நீட்டிக்கிறேன், மொழங்காலு போச்சு எனக்கு. ஆத்தாடி.

டேய்.

இன்னொருவாட்டி சொல்லவா? ஆத்தாடி. ஆத்தாடி, ஆத்தாடி. அடப் பயலே. எஞ்சாமி. போதும்டா, விக்கிக்கப் போகுது.

வாம்மா. பேசிட்டியா? நாளைக்கே வரச் சொல்லிட்டானா? அப்பிடித்தான் சொல்லுவானுக.

எது, சிரிப்புச் சத்தமா? இல்லம்மா. பக்கத்து வீட்டு டிவி. இவன் அப்பிடியேதான் விரலச் சப்பிக்கிட்டு இருக்கான்.

காலையில எட்டு மணிக்குக் கொண்டாந்துரு. துண்டு ரெண்டு சேத்து வையி.